சாயங்காலம் மட்டும் அணைந்த அடுப்பு

வீட்டைச் சூடாக்கும் புதுப் பெல்லட் அடுப்பு வந்த முதல் மாதம் முழுக்க ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரிந்தேன். பக்கத்துக்கு நான்கு கட்டம் போட்டிருந்தேன்: தேதி, அணைந்த நேரம், திரையில் வந்த குறியீடு, நான் பார்த்த வைத்தியம். நான்காவது கட்டத்தில்தான் எழுத்து நிரம்பி வழியும். ‘கிண்ணம் சுரண்டினேன்’, ‘வேறு மூட்டை’, ‘கதவுக் கயிறு பார்த்தேன்’, ‘குழாயைத் தட்டினேன்’ என்று மொத்தம் பதினேழு வரி. போன வாரம் ஏதோ தேடும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. படித்துவிட்டு யாருக்கும் காட்டாமல் உள்ளே வைத்துவிட்டேன். இரண்டாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் போதும்: 7.10, 6.50, 7.25, 7.05, 7.40, 6.55. காலையில் ஒரு நாள்கூட இல்லை, மத்தியானம் ஒரு நாள்கூட இல்லை. விடை என் கையெழுத்திலேயே மூன்று வாரம் கிடந்திருக்கிறது.

நேரத்தைக் கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கவனித்தேன், அதற்கு ஒரு காரணமும் தயாராக வைத்திருந்தேன். காலையிலிருந்து எரிந்து எரிந்து சாயங்காலத்துக்குள் சாம்பல் சேர்ந்துவிடுகிறது, அந்த நேரத்தில் குளிரும் ஏறுவதால் அடுப்பு முழு வேகத்துக்குப் போகிறது, சாம்பலோடு முழு வேகம் தாங்காமல் அணைகிறது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். பாதி உண்மைகூட அதில் இருந்தது. பாதி உண்மையாக இருந்ததால்தான் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. சுத்தப் பொய்யாக இருந்திருந்தால் மூன்றாம் நாளே மாட்டியிருக்கும்.

இந்த அடுப்பைப் பழகாதவர்களுக்காக இரண்டு வரி. மரத்தூளை அழுத்தி, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனில் குச்சிகளாக்கியதுதான் பெல்லட். பசை சேர்ப்பது கிடையாது. அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்தில் உள்ள லிக்னின் இளகி, அதுவே ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் கொட்டினால் ஒரு திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, உள்ளங்கை அகல எரிகிண்ணத்தில் விழவைக்கும். பற்றவைக்க மின்சூட்டுக் கம்பி, புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு விசிறி, சூட்டை அறைக்குள் வீச இன்னொரு விசிறி. விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து நாம் செய்கிற வேலையை எல்லாம் இதில் மோட்டார்கள் செய்கின்றன. 1980களில் வீட்டுக்கான பெல்லட் அடுப்பை உருவாக்கிய ஜெர்ரி விட்ஃபீல்ட், போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த விமானப் பொறியாளர். முதலில் இதைப் படித்தபோது துணுக்குச் செய்தியாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், இந்த அடுப்பில் தீயை விடக் காற்றுக்குத்தான் அதிக வேலை. காற்றைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள்தான் இதை யோசித்திருக்க முடியும் என்று தோன்றுகிறது.

முதல் வாரத்துக் கூத்து

முதல் நாள் பொத்தானை அழுத்திவிட்டுக் குடும்பமே முன்னால் உட்கார்ந்திருந்தோம். கம்பி சூடானது, விசிறி சுற்றியது, கிண்ணம் மட்டும் காலி. இருபது நிமிடம் கழித்துத் திரையில் ‘பற்றவில்லை’ என்று குறியீடு. புதுப் பொருள், முதல் நாளே இப்படியா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. விஷயம் ஒன்றுமில்லை. புது அடுப்பில் திருகுத் தண்டின் பாதை முழுக்கக் காலியாக இருக்கும். அது நிரம்பி முதல் குச்சி கீழே விழவே பல நிமிடம் ஆகும். கிண்ணத்தில் கையால் ஒரு பிடி போட்டோ, தண்டை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டோ தொடங்கினால் சரியாகிவிடும். தொட்டியைச் சொட்டுப் பாக்கியில்லாமல் காலியாகவிட்டாலும் இதே கதைதான் திரும்ப நடக்கும்.

அடுத்து நாற்றம். அடுப்பு உடம்பில் பூசிய பெயின்ட் முதல் சில முறை நன்றாகச் சூடேறும்போதுதான் இறுகும், அதுவரை நாறும். சன்னலைத் திறந்துவைத்துவிட்டு எரிக்க வேண்டியதுதான். திறந்துவைத்தோம். அந்த மூன்று நாளும் அடுப்பு ஒரு தடவைகூட அணையவில்லை. சன்னல் திறந்திருந்தது, அடுப்பு அணையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நாற்றம் போனதும் சன்னலை மூடினோம். நோட்டுப் புத்தகம் அன்றுதான் தொடங்குகிறது.

முதல் தடவை அணைந்தபோது நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. கம்ப்யூட்டர் தொங்கினால் என்ன செய்வோம்? பிளக்கைப் பிடுங்கிச் செருகுவோம். அதையே செய்தேன். கிண்ணத்தில் கங்கு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் புகையை இழுக்கிற விசிறியும் நின்றுவிட்டது. வெளியே போக வழியில்லாத புகை கதவோரத்தில் நூல் நூலாகக் கசிந்து கூடத்துக்குள் வந்தது. அடுத்த நிமிடம் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. எல்லோரும் வெளியே ஓடி, குளிரில் நின்று, கதவு சன்னலைத் திறந்துவிட்டு அப்புறம் உள்ளே வந்தோம். இந்த அடுப்பை நிறுத்தினால் அது உடனே நிற்காது. மிச்சத்தை எரித்து, உடம்பு ஆறும் வரை விசிறியைக் கால் மணி, அரை மணி ஓட்டும். ஓடவிட வேண்டும். மின்சாரம் போனாலும் இதே நிலைமைதான் என்பதால், பிறகு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டினேன். ஓடும்போது இதற்கு நூறு வாட் அளவுதான் தேவை, பற்றவைக்கும்போது மட்டும் முந்நூறு நானூறு.

மூட்டை, கதவு, குழாய்

முதல் குற்றவாளி பெல்லட். எதற்கெடுத்தாலும் பெல்லட்டைத்தான் முதலில் திட்டுவது வழக்கம், நானும் திட்டினேன். தரச்சான்று பெற்ற முதல் தர பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பியத் தரம் சொல்கிறது. வீட்டில் அளக்க வழியில்லை. ஆனால் ஒரு தம்ளர் தண்ணீரில் நாலு குச்சி போட்டுப் பார்க்கலாம். நன்றாக அழுத்திய குச்சி கல் மாதிரி அடியில் போய் உட்காரும், அப்புறம் மெல்ல ஊதித் தூளாகும். மிதந்தால் சரியாக அழுத்தவில்லை என்று அர்த்தம். என்னுடையவை உட்கார்ந்தன. ஆனாலும் மனம் ஆறவில்லை. மூட்டை அடியில் தூள் இருந்தது, அந்தத் தூள் தொட்டி மூலையில் சேர்ந்து திருகுத் தண்டின் வாயை அடைக்கும் என்பது உண்மைதான். தொட்டியைக் காலி செய்து, தூளை உறிஞ்சி எடுத்து, வேறு மூட்டை போட்டேன். இரண்டு நாள் எரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நோட்டில் கோடு போட்டேன். மூன்றாம் நாள் 7.25.

அடுத்த சந்தேகம் கதவு. கதவு ஓரத்தில் கேஸ்கெட் என்று ஒரு தடித்த கயிறு சுற்றியிருக்கும். அது சரியாகப் படியாவிட்டால் காற்று எரிகிண்ணத்துக்குக் கீழே வராமல் கதவு வழியாகக் குறுக்கே புகுந்துவிடும். கிண்ணத்தின் துளை வழியாக வருகிற காற்றுதான் தீயை எரிக்கிறது, கதவு வழியாக வருவது சும்மா வந்துவிட்டுப் போகும். சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி, அடுப்பு ஆறியிருக்கும்போது இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தால் வரக் கூடாது, வந்தாலும் கிழிந்து வர வேண்டும். நான்கு பக்கமும் பத்துப் பத்து இடத்தில் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் லேசாக நழுவியது. கதவுக் கொண்டியின் திருகை அரைச் சுற்று முடுக்கினேன். கூடவே கிண்ணத்தையும் கழற்றிக் கழுவினேன், சாம்பல் அறையையும் உறிஞ்சினேன். இரண்டு நாள் எரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ‘கூடவே’ என்று ஒரு வால் இருந்தது. எதைச் செய்தாலும் கூடவே சுத்தமும் செய்தேன். சுத்தம் செய்தால் காற்றுப் பாதை திறந்துகொள்ளும், இரண்டு நாளைக்கு அடுப்புக்குக் கொஞ்சம் தெம்பு வரும். அந்தத் தெம்பை எல்லாம் நான் அன்று செய்த வைத்தியத்தின் கணக்கில் எழுதினேன். பெல்லட் மாற்றியதும் சரியானது, கொண்டியை முடுக்கியதும் சரியானது. ஒரே நாளில் இரண்டு வேலை செய்தவனுக்கு எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

மூன்றாவது புகைக்குழாய். கையேட்டில் ஒரு கணக்கு இருந்தது, பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்துகிற கணக்குதான். படுக்கைவாட்டில் ஓர் அடிக் குழாய்க்கு ஒன்று, செங்குத்தாக ஓர் அடிக்கு அரை, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் ஐந்து. கூட்டினால் 15க்குள் இருந்தால் 3 அங்குலக் குழாய் போதும். தாண்டினால் 4 அங்குலம் போட வேண்டும். டார்ச்சோடு வெளியே போய் அளந்தேன். அடுப்புக்குப் பின்னால் டீ மூட்டு ஒன்று, சுவரைத் தாண்டியதும் வளைவு ஒன்று, இரண்டுக்கும் பத்து. படுக்கையில் இரண்டடி, மேலே ஆறடி. 10, 2, 3. சரியாக 15. தப்பு என்று சொல்ல முடியாது, மிச்சம் என்றும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ‘குழாய் சரி’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். மாதச் சம்பளமும் மாதச் செலவும் ஒன்றாக இருக்கிற வீட்டைப் பார்த்து ‘கடன் இல்லை, சரி’ என்று சொன்ன மாதிரி.

அடுப்பு போட்டவரைக் கூப்பிட்டேன். காலை பத்தரைக்கு வந்தார். பெட்டியைக் கொண்டுவர, மடிக்கணினியை எடுத்துவர என்று வாசல் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். அடுப்பு அவர் முன்னால் அவ்வளவு அழகாக எரிந்தது. பல்வலி மருத்துவர் வீட்டு வாசலில் காணாமல் போகும் என்பார்களே, அதே கதைதான். “சார், அடுப்புல ஒண்ணும் இல்ல. பிரஷர் ஸ்விட்ச் சுகமா இருக்கு, குழாய் சுத்தமா இருக்கு. பெல்லட்ட மாத்திப் பாருங்க” என்றார். குழாய் புகையை இழுக்கிற இழுவை போதுமா என்று கண்காணிக்கிற பாகம்தான் பிரஷர் ஸ்விட்ச். நான் ஏற்கெனவே மூன்று விதமான மூட்டை மாற்றியிருந்தேன். அவர் மேல் அன்று வந்த கோபம் நியாயமில்லை என்று இப்போது தெரிகிறது. அவர் சொன்னதில் முதல் பாதி நூற்றுக்கு நூறு உண்மை.

‘புப்’

அதற்கு மூன்றாம் நாள்தான் பயந்துபோனேன். சாயங்காலம் வழக்கம்போல அணைந்தது. குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி பற்றவைத்தேன், பற்றவில்லை. மறுபடி அழுத்தினேன். ஒவ்வொரு முயற்சிக்கும் அடுப்பு ஒரு பங்கு பெல்லட்டைக் கிண்ணத்தில் போடும் என்பதும், முதல் பங்கு எரியாமல் கிடக்கும்போது மேலே இரண்டாவது, மூன்றாவது பங்கு விழுகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், கதவைத் திறந்து கிண்ணத்தைக் கொட்டச் சோம்பல். மூன்றாவது தடவை கண்ணாடிக்குப் பின்னால் புகை திரண்டது. தீ இல்லை, வெறும் புகை. பால் மாதிரி வெளுத்து, கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க மறைத்துவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. நான் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன்.

‘புப்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, கனமான புத்தகம் தரையில் விழுந்த மாதிரி. கதவு கொண்டியிலேயே ஒரு தடவை குலுங்கியது, கண்ணாடி அதிர்ந்தது, புகை எல்லாம் ஒரே நொடியில் ஆரஞ்சு நிறத் தீயாக மாறிவிட்டது. அடைந்து நின்றது எரியக்கூடிய வாயு. அடியில் ஒரு குச்சி பற்றியதும் அத்தனையும் ஒன்றாகப் பற்றிக்கொண்டது. கதவு தாங்கியது. நான் பின்னால் விழுந்து உட்கார்ந்திருந்தேன். மனைவி ஓடிவந்து என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், “இதத் திருப்பிக் கொடுத்துடலாம்” என்றாள். ஒரு தடவை பற்றாவிட்டால், ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்யாமல் மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். அள்ளியதை இரும்பு வாளியில் போட்டு மூடி, வெளியே வையுங்கள். சூடாக இருக்கிற குச்சியைத் திரும்பத் தொட்டியில் கொட்டுவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். அதையாவது நான் செய்யவில்லை.

திருப்பிக் கொடுக்கிற யோசனைக்கு நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. ஒரு பொருள் எப்போதும் ஓடாவிட்டால் பழுது, எப்போதாவது ஓடாவிட்டால் துரதிர்ஷ்டம். தினமும் பதினெட்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மட்டும் படுத்துக்கொள்கிறதை என்னவென்று சொல்வது? அந்த நேரத்தில் அடுப்புக்கு யாரோ ஏதோ செய்கிறார்கள். இப்படித் தோன்றியதே தவிர, அந்த ‘யாரோ’ யாரென்று தேடப் போகவில்லை. காற்று திசை மாறுகிறதோ, கரண்ட் வோல்டேஜ் குறைகிறதோ என்று வெளியே வெளியேதான் போனேன்.

அம்மா நிறுத்திய சத்தம்

அம்மா அப்போது எங்களோடு இருக்க வந்திருந்தார். அந்தச் சாயங்காலம் மணி ஏழு இருக்கும். நான் அடுப்பு முன்னால் தரையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். தீ சரியில்லை. நல்ல பெல்லட் தீ எப்படி இருக்கும் என்று இதற்குள் எனக்கு நன்றாகவே தெரியும்: வெளிர் மஞ்சள், குட்டை, நுனி வெடவெடவென்று துடிக்கும், சிவந்த துகள்கள் மேலே தெறிக்கும். அன்று எரிந்தது வேறு. கருத்த ஆரஞ்சு நிறத்தில் நீளமாக எழும்பி, நுனியில் புகை கட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியிலும் வழக்கமான சாம்பல் நிறப் படலத்துக்குப் பதிலாகக் கன்னங்கரேலென்று கரி. கிண்ணத்தில் குச்சிகள் எரிகிற வேகத்தை விட விழுகிற வேகம் அதிகமாகி மேடு கட்டிக்கொண்டிருந்தன. இன்னும் ஐந்து நிமிடத்தில் அணையும் என்று எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்துவைத்திருந்தேன்.

அம்மா சமையலறையில் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். “என்னடி, ஒண்ணும் கேக்கல, இரு இரு” என்றார். ஒரு சத்தம் நின்றது. அது நிற்கும் வரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. அவ்வளவு பழகிப்போன இரைச்சல்.

தீ எழுந்து நின்றது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண்ணாடி மேல் சாய்ந்து கிடந்த தீ, யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிட்ட மாதிரி நிமிர்ந்தது. பத்து நொடி இருக்கும். ஆரஞ்சு வெளுத்து மஞ்சளானது, நுனிப் புகை காணாமல் போனது, மேட்டிலிருந்து துகள்கள் தெறிக்க ஆரம்பித்தன. “அம்மா, இப்ப என்ன பண்ணின?” என்று கத்தினேன். போட்ட சத்தத்தில் பாவம் பயந்துபோய், “நான் ஒண்ணும் பண்ணலயேப்பா, சிம்னியத்தான் நிறுத்தினேன், சத்தம் தாங்கல” என்றார். “மறுபடி போடு” என்றேன். போட்டார். தீ படுத்தது. “நிறுத்து.” எழுந்தது. “போடு.” படுத்தது. போனில் சித்தி, “அங்க என்னதாண்டி நடக்குது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டுத் தடவை போட்டு நிறுத்தினோம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைசியில் சிம்னி முழு வேகத்தில் ஓடும்போதே கூடத்து சன்னலை இரண்டு விரல் அகலம் திறந்தேன். குளிர்காற்று ஊசியாக உள்ளே பாய்ந்தது; தீ சிம்னியைச் சட்டை செய்யாமல் நிமிர்ந்து நின்றது.

சமையல் மேடைக்கு மேலே மாட்டியிருக்கிற புகைபோக்கி விசிறியை நாம் சிம்னி என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயர் எவ்வளவு சரி என்று அன்றுதான் உறைத்தது. ஒரே வீட்டில் இரண்டு சிம்னி. இரண்டும் ஒரே காற்றை வெளியே இழுக்கின்றன. எங்கள் சமையலறைச் சிம்னி முழு வேகத்தில் மணிக்கு 600 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று அதன் அடியிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டின் மொத்தக் கொள்ளளவு கணக்குப் போட்டால் 250 கன மீட்டருக்குப் பக்கம். அதாவது அரை மணியில் வீட்டுக் காற்று முழுவதையும் வெளியே தள்ளக்கூடிய ராட்சசன் அது. பெல்லட் அடுப்புக்குத் தேவைப்படுவதோ மணிக்கு இருபது முப்பது கன மீட்டர். வெளியே போன காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேண்டும் இல்லையா? பழைய வீடு என்றால் சந்து பொந்து வழியாக வந்துவிடும். எங்களுடையது சன்னல் கதவெல்லாம் ரப்பர் வைத்து இறுக்கிய வீடு. சூடு வெளியே போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்தது நான்தான். வீட்டுக்குள் காற்றழுத்தம் துளி இறங்குகிறது, அடுப்பின் சின்ன விசிறி அதை எதிர்த்துப் புகையை வெளியே தள்ளத் திணறுகிறது, கிண்ணத்துக்கு வருகிற காற்று குறைகிறது, தீ சாய்கிறது. பிரஷர் ஸ்விட்ச் இழுவை போதவில்லை என்று உணர்ந்து பெல்லட் விழுவதை நிறுத்திவிடுகிறது. அது பழுதாகவில்லை. அந்த வீட்டில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

எவ்வளவு சின்ன அழுத்த வித்தியாசம் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஜெர்மனியில் இந்த மாதிரி அறைக் காற்றில் எரிகிற அடுப்பும் சமையலறைச் சிம்னியும் சேர்ந்து ஓடும்போது வீட்டுக்குள் அழுத்தம் 4 பாஸ்கலுக்கு மேல் இறங்கக் கூடாது என்பது வரம்பு. 4 பாஸ்கல் என்றால் அரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடைகூட இல்லை. அங்கே சன்னலில் ஒரு ஸ்விட்ச் வைத்துவிடுகிறார்கள். சன்னல் திறந்திருந்தால்தான் சிம்னிக்கு மின்சாரம் போகும். இழுவை குறைந்தால் அடுப்பு அணைவதோடு முடிவதில்லை, புகை வீட்டுக்குள் திரும்பலாம், அதற்காகத்தான் இவ்வளவு கண்டிப்பு. வாரக்கணக்கில் நான் வைத்த விளையாட்டு அதனோடுதான்.

நோட்டில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் அன்றிரவு காரணம் புரிந்தது. சுத்தம் செய்த இரண்டு நாள் ஏன் எரிந்தது? சாம்பல் இல்லாத பாதையில் இழுவை மிச்சம் இருந்தது, சிம்னியைத் தாங்கியது. மூன்றாம் நாள் சாம்பல் சேர்ந்ததும் மிச்சம் தீர்ந்தது. பெயின்ட் நாறிய மூன்று நாள் ஏன் அணையவில்லை? சன்னல் திறந்திருந்தது. அடுப்பு போட்டவர் முன்னால் ஏன் எரிந்தது? காலையில் சிம்னி போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, வாசல் கதவு வேறு திறந்து திறந்து மூடியது. குழாய்க் கணக்கு சரியாக 15 வந்ததே, அதுகூடக் குற்றத்துக்கு உடந்தை. இன்னும் கொஞ்சம் நீளமாக மேலே எழும்பி, ஒரு வளைவு குறைவாக இருந்திருந்தால் அடுப்பு சிம்னியோடு மல்லுக்கட்டிச் சமாளித்திருக்கும். என் சாம்பல் கொள்கையும் பொய்யில்லை. சாம்பல் கடைசித் துரும்பு. மூட்டையை ஏற்றியது சிம்னி.

குறியீட்டைப் பற்றியும் ஒன்று. திரையில் வந்தது ‘இழுவை போதவில்லை’ என்பதற்கான குறியீடு. கையேட்டில் அதற்கு நேராக ஆறு காரணம் போட்டிருந்தார்கள்: குழாய் அடைப்பு, கதவு, சாம்பல், விசிறி, ஸ்விட்ச், ரப்பர்க் குழாய். ஆறும் அடுப்புக்குள்ளேயோ அடுப்பை ஒட்டியோ இருக்கிறவை. நானும் அடுப்பைச் சுற்றியே ஆறு காரணத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீடு என்று ஏழாவதாக ஒன்றை யாரும் எழுதவில்லை. உண்மையில் எழுதியிருந்தார்கள், வேறு பக்கத்தில். பொருத்தும் முறை என்ற அத்தியாயத்தில், வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும் விசிறிகள் உள்ள வீட்டில் அடுப்புக்குத் தனியாக வெளிக்காற்றுக் குழாய் கொடுக்கவும் என்று ஒரு வரி. அது பொருத்துகிறவருக்கான அத்தியாயம் என்று நான் புரட்டவில்லை. பொருத்தியவர் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதும், சுவரில் இன்னொரு ஓட்டை எதற்கு என்று நான் மறுத்ததும் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நோட்டில் இதை எழுதவில்லை.

அவரை மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை சாயங்காலம் ஏழு மணிக்கு வரச் சொன்னேன். ஏன் அந்த நேரம் என்று போனில் கேட்டார், வந்தால் காட்டுகிறேன் என்றேன். வந்ததும் ஒன்றும் பேசாமல் அடுப்பு முன்னால் உட்காரவைத்து, அம்மாவிடம் “போடும்மா” என்றேன். தீ படுத்ததைப் பார்த்தார். “நிறுத்தும்மா.” எழுந்ததைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “அன்னைக்கு நான் சிம்னியப் பத்திக் கேட்டிருக்கணும்” என்றார். நானும் குழாய் வேண்டாம் என்று சொன்னதை ஒப்புக்கொண்டேன். மறுநாள் அடுப்பின் பின்புறமிருந்து சுவர் வழியாக வெளியே ஓர் உலோகக் குழாய் போட்டார். வெளிப்பக்கத்தில் எலி நுழையாமல் வலை. இனி அடுப்பு எரிப்பதற்கான காற்றை வீட்டிடம் கேட்காது, நேராக வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அதோடு நோட்டில் எழுதுவது நின்றது. வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்கி உறிஞ்சுகிறேன், நாள்தோறும் கிண்ணத்தைச் சுரண்டுகிறேன், அவ்வளவுதான். சிம்னியை முழு வேகத்தில் வைத்தால் தீ லேசாகத் தலையசைக்கிறது, படுப்பதில்லை. அப்படியும் அந்த நேரத்தில் சன்னலை ஒரு விரல் திறந்துவைக்கிறோம்.

அம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. தினமும் சாயங்காலம் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “தம்பி, போடட்டுமா?” என்று கேட்கிறார். இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. நோட்டு இல்லாமல் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “போடும்மா” என்கிறேன்.